ஜிகாபைட் பி550எம் டிஎஸ்3எச்: எதை விட்டார்கள், எதை விடவில்லை

வீட்டிலேயே பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்கும் கேமிங் கணினியில், எல்லாப் பாகங்களும் மாட்டப்படும் மதர்போர்டு ஒரு விசித்திரமான செலவு. ஒரே கிராஃபிக்ஸ் கார்டையும் ஒரே ப்ராசஸரையும் ஒன்பதாயிரம் ரூபாய் போர்டில் மாட்டினாலும் முப்பதாயிரம் ரூபாய் போர்டில் மாட்டினாலும், இரண்டும் ப்ராசஸருக்குத் தேவையான மின்சாரத்தைத் தடுமாறாமல் கொடுப்பவையாக இருந்தால், விளையாட்டில் கிடைக்கும் ஃப்ரேம் எண்ணிக்கையில் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இராது. ஆகவே குறைந்த விலை மதர்போர்டை மதிப்பிடும்போது, அதில் என்னவெல்லாம் இருக்கிறது என்று பெட்டியின் பின்புறத்தைப் படிப்பதைவிட, விலையைக் குறைப்பதற்காக எதையெல்லாம் விட்டிருக்கிறார்கள், அது விளையாடுபவரைப் பாதிக்குமா என்று பார்ப்பதே பயன் தரும். அப்படிப் பார்த்தால், ஏஎம்டி நிறுவனத்தின் ப்ராசஸர்கள் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டுக்கான போர்டுகளில் ஜிகாபைட் நிறுவனத்தின் பி550எம் டிஎஸ்3எச் இன்றும் வாங்கத் தகுந்தது. குறைகளும் உண்டு, அவற்றில் இரண்டு சற்றுப் பெரியவை.

முதலில் சாக்கெட்டைப் பற்றி. ஏஎம்டியின் முதல் ரைசன் ப்ராசஸர்கள் 2017 மார்ச்சில் வந்தபோது அவற்றுக்கு அடித்தளமாக இருந்த ஏஎம்4, 2022 செப்டம்பரில் ஏஎம்5 வந்த பிறகும் கடைகளை விட்டுப் போகவில்லை. ஏஎம்5 போர்டுகள் டிடிஆர்5 நினைவகத்தை மட்டுமே ஏற்பதும், தொடக்கத்தில் அவற்றின் விலை கூடுதலாக இருந்ததும் இதற்குக் காரணங்கள். 2025-இன் இறுதியிலிருந்து ராம் விலை எங்கும் ஏறியபோது, ஏஎம்4 ஏற்கும் பழைய டிடிஆர்4 ராம் குச்சிகளைக் கையில் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு ஏஎம்4 மீண்டும் கவர்ச்சியாகிவிட்டது. இதற்குப் புதிய ப்ராசஸர் தலைமுறை இனி வராது என்பதைத் தெரிந்துகொண்டுதான் இதை வாங்க வேண்டும். ஆனால் ஆறு கோர்கள் கொண்ட ரைசன் 5 5600 இன்றைய நடுத்தரக் கிராஃபிக்ஸ் கார்டுகளுக்குப் போதுமான துணை என்பதால், 1080பி திரையில் விளையாட விரும்புபவர் இந்த முட்டுச்சந்துக்காக அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

இந்தப் போர்டில் உள்ள பி550 சிப்செட் (போர்டின் இணைப்புகளை நிர்வகிக்கும் சில்லு) 2020 ஜூனில் வந்தது. அதற்கு முந்தைய பி450 (2018) சிப்செட்டோடு ஒப்பிட்டால் இரண்டு விஷயங்கள் முக்கியம். முதலாவது பயாஸ், அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள். பி450 காலத்துப் போர்டுகள் பலவற்றில் பயாஸ் சில்லின் கொள்ளளவு 16 மெகாபைட் மட்டுமே இருந்ததால், எல்லாத் தலைமுறை ரைசன் ப்ராசஸர்களுக்கான தகவல்களையும் அதற்குள் அடைக்க இடம் போதவில்லை. ரைசன் 5000 வரிசைக்குப் பழைய சிப்செட்டுகளில் ஆதரவு கிடையாது என்று 2020 மேயில் ஏஎம்டி அறிவித்ததும், பயனர்கள் கொதித்தெழுந்த பின் அதே மாதத்தில் அந்த முடிவை மாற்றிக்கொண்டதும் பலருக்கு நினைவிருக்கும். பி550 போர்டுகளில் 5000 வரிசைக்கான ஆதரவு தொடக்கத்திலேயே உறுதியாக இருந்தது. ஆனாலும் கடை அலமாரியில் நெடுநாள் கிடந்த போர்டில் பழைய பயாஸ் இருக்கலாம். அப்போது புதிய ப்ராசஸரை மாட்டினால் திரையில் ஒன்றும் வராது.

இந்த இடத்தில்தான் டிஎஸ்3எச் தன் விலைக்கு மீறிய ஒன்றைத் தருகிறது. ‘க்யூ-ஃபிளாஷ் பிளஸ்’ என்னும் வசதியால், ப்ராசஸரோ ராமோ மாட்டாமல் மின்சாரம் மட்டும் கொடுத்து, பென் டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பித்துவிடலாம். பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, இறக்கிய கோப்புக்கு நிறுவனத்தின் பெயரையே வைத்து, அதற்கென உள்ள யுஎஸ்பி துளையில் செருகிப் பொத்தானை அழுத்தினால் போதும். வேறு பல மலிவு போர்டுகளில் இதற்காகவே ஒரு பழைய ப்ராசஸரைக் கடன் வாங்கவோ, கடைக்காரரிடம் கட்டணம் கொடுத்துச் செய்யவோ வேண்டியிருக்கும். பயாஸைப் புதுப்பிக்கும்போது மின்சாரம் போய்விட்டால் போர்டை மீட்கவும் இதே வழி உதவும். யுபிஎஸ் இல்லாத வீடுகளுக்கு இது சிறிய ஆறுதல் அல்ல.

இரண்டாவது விஷயம், கிராஃபிக்ஸ் கார்டு போன்றவை தகவல் பரிமாறும் இணைப்பான பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலிவான கணினிகளைச் சேர்ப்பவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டுகள் பதினாறு லேன்களை (தகவல் ஓடும் தடங்களை) பயன்படுத்துவதால், அவற்றைப் பழைய 3.0 ஸ்லாட்டில் மாட்டினாலும் பெரிய இழப்பு தெரிவதில்லை. மலிவான கார்டுகளின் கதை வேறு. ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060 ஆகியவை எட்டு லேன்களோடு நிறுத்திக்கொள்கின்றன. 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வெறும் நான்கு லேன்களோடு வந்தது. நான்கு லேன்கள் 4.0 வேகத்தில் நொடிக்குச் சுமார் 8 ஜிகாபைட் கடத்தும், 3.0 வேகத்தில் அதில் பாதிதான். கார்டின் சொந்த நினைவகமும் 4 ஜிகாபைட் மட்டுமே என்பதால், விளையாட்டுக்கு அது போதாதபோது தகவல் முழுவதும் அந்தக் குறுகிய வழியாக ஓட வேண்டியிருக்கிறது. ஃப்ரேம்கள் வெளிப்படையாகச் சரிகின்றன. பழைய போர்டை வைத்திருக்கும் ஏழைக்காகச் செய்த கார்டு, பழைய போர்டில்தான் மோசமாக ஓடியது என்பது அந்தத் தயாரிப்பின் பெரிய முரண். பி550-இல் கிராஃபிக்ஸ் ஸ்லாட்டும் எஸ்எஸ்டி மாட்டுவதற்கான முதல் எம்.2 ஸ்லாட்டும் நேரடியாக ப்ராசஸரிலிருந்து 4.0 இணைப்பைப் பெறுகின்றன.

இதில் ஒரு கொக்கி இருக்கிறது. அந்த 4.0 இணைப்பு ப்ராசஸரிலிருந்து வருவதால், ப்ராசஸரும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். ரைசன் 5 5500, ரைசன் 5 5600ஜி ஆகிய இரண்டும் 3.0 வேகத்தோடு நின்றுவிடுகின்றன. ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷும் அவற்றில் 5600-இல் இருப்பதில் பாதி, அதாவது 32 மெகாபைட்டுக்குப் பதில் 16 மெகாபைட். கடைகளில் “எல்லாம் ஒன்றுதான், இது கொஞ்சம் மலிவு” என்று 5500-ஐக் கையில் கொடுப்பது வழக்கம். தனியாகக் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப்போகிறவர் அதை ஏற்றால், பி550-க்குக் கொடுத்த கூடுதல் பணத்தில் ஒரு பகுதி வீண். 5500-தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் ஏ520 சிப்செட் போர்டே போதும்.

இனி மின்சாரம். கணினியின் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டைச் சுமார் ஒரு வோல்ட்டாக இறக்கி ப்ராசஸருக்குத் தரும் விஆர்எம் பகுதிதான் மலிவு போர்டுகளின் உண்மையான தேர்வுக்களம். டிஎஸ்3எச்-இல், இந்தச் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும் ஃபேஸ்கள் என்னும் பிரிவுகள் 5+3 அமைப்பில் உள்ளன. அதாவது ஐந்து ஃபேஸ்கள் கோர்களுக்கும், மூன்று ப்ராசஸரின் மற்றப் பகுதிகளுக்கும். சாக்கெட்டின் இடப்பக்கத்தில் உள்ள ஐந்தின் மேல் வெப்பத்தை வெளியேற்றும் உலோகக் கட்டி (ஹீட் சிங்க்) இருக்கிறது. மேற்பக்கத்தில் உள்ளவை மூடப்படாமல் இருக்கின்றன. படத்தில் பார்க்க இது அரைகுறையாகத் தோன்றினாலும், விளையாட்டின்போது கனமான சுமை கோர்களுக்கான பக்கத்திலேயே விழுவதால் இந்தச் சிக்கனத்தில் தவறில்லை.

65 வாட் டிடிபி (குளிரூட்டும் கணக்குக்கான வெப்ப அளவு) கொண்ட 5600 அதன் தொழிற்சாலை அமைப்பில் உச்சமாகச் சுமார் 76 வாட் வரை எடுக்கும். அந்தச் சுமையை இந்தப் போர்டு அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். 105 வாட் வகையைச் சேர்ந்த ப்ராசஸர்களின் வரம்பு 142 வாட். அவற்றில் பன்னிரண்டு, பதினாறு கோர் ப்ராசஸர்களை மாட்டி நாள் முழுவதும் வீடியோ ரெண்டர் செய்ய நினைப்பவர் வேறு போர்டைத் தேட வேண்டும். நம் ஊரில் இதைக் கூடுதலாகவே யோசிக்க வேண்டியிருக்கிறது. வெளிநாட்டு விமர்சனங்களில் பெரும்பாலும் குளிரூட்டப்பட்ட அறையில் எடுத்த வெப்ப அளவுகளே இருக்கும். சித்திரை வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையில் 38 டிகிரியில் ஓடும் கணினிக்கு, அந்த எண்ணோடு பதினைந்து டிகிரிக்கு மேல் கூட்டிக்கொள்ள வேண்டும். முன்புறம் கண்ணாடி போட்டுக் காற்று புகாதபடி செய்த கேபினெட்டில் இந்தப் போர்டை வைப்பதைவிட, அழகு குறைந்த, வலை முகப்புக் கொண்ட கேபினெட்டில் வைப்பது நல்லது.

சிப்செட்டின் மேல் மின்விசிறி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2019-இல் வந்த எக்ஸ்570 போர்டுகள் பெரும்பாலானவற்றில் சிப்செட்டுக்கென ஒரு குட்டி விசிறி இருந்தது. அந்த அளவிலான விசிறிகள் நம் தெருப் புழுதியில் என்ன பாடுபடும் என்பதைக் கணினி பழுதுபார்ப்பவர்கள் அறிவார்கள்.

நினைவகத்துக்கு நான்கு ஸ்லாட்டுகள். இந்த விலையில் பல போர்டுகள் இரண்டோடு நிறுத்திவிடுவதால் இது மதிப்புள்ளது: இன்று எட்டு ஜிகாபைட் குச்சிகள் இரண்டு, பணம் சேர்ந்ததும் இன்னும் இரண்டு என்று போகலாம். ஆனால் ஒற்றைக் குச்சியோடு தொடங்க வேண்டாம். ஒரே குச்சியில் 16 ஜிகாபைட் போட்டால் நினைவகத்துக்கான இரு வழிகளில் ஒன்று சும்மா கிடக்கும்; ரைசன் ப்ராசஸர்களில் அந்த இழப்பு விளையாட்டில் நன்றாகவே தெரியும். இரண்டு குச்சிகளை ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் மாட்ட வேண்டும். வேகம் 3200 இருந்தால் போதும். 3600 கிடைத்தால் இன்னும் நல்லது. அதற்கு மேல் கொடுக்கும் பணத்தை இந்த ப்ராசஸர்கள் திருப்பித் தருவதில்லை.

சேமிப்பகத்துக்கு இரண்டு எம்.2 ஸ்லாட்டுகளும் வன்தட்டு போன்றவற்றுக்கான நான்கு சாட்டா துளைகளும் உள்ளன. இரண்டாவது எம்.2 சிப்செட் வழியாக 3.0 வேகத்தில் இயங்குகிறது; விளையாட்டுகளைச் சேமித்து வைக்க அது போதும். ஒலிக்கு ரியல்டெக்கின் பழைய ஏஎல்சி887 சில்லு, கம்பி வழி இணையத்துக்கு ஒரு ஜிகாபிட் துளை. யுஎஸ்பி ஹெட்செட் வைத்திருப்பவருக்கு முதலாவது பொருட்டல்ல. வீட்டு ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இரண்டாவது போதும்.

பெரிய குறைகள் என்று முன்பே சொன்ன இரண்டுக்கு வருகிறேன். ஒன்று, வைஃபை இல்லை. ரவுட்டர் கூடத்திலும் கணினி உள்ளறையிலும் இருக்கும் நம் வீடுகளில் இது உண்மையான தடை. இதே போர்டு வைஃபையோடு ‘டிஎஸ்3எச் ஏசி’ என்ற பெயரிலும் உண்டு. இரண்டுக்கும் விலை வேறுபாடு சிறிதாக இருந்தால் அதையே வாங்கலாம். தனியாக வைஃபை கார்டு வாங்கி மாட்டுவது சுலபம் என்று தோன்றும். ஆனால் இது 24.4 சென்டிமீட்டர் சதுரமான சிறிய மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு. இரண்டரை, மூன்று ஸ்லாட் தடிமன் கொண்ட கிராஃபிக்ஸ் கார்டு உட்கார்ந்துவிட்டால் அதன் கீழுள்ள ஸ்லாட்டுகளுக்குக் கை போகாது. யுஎஸ்பி வைஃபை குச்சியோ, சுவரோரமாக இழுத்த இணையக் கம்பியோதான் மிச்சம். போட்டி விளையாட்டுகளுக்குக் கம்பியே மேல். ஆனால் வாடகை வீட்டில் சுவரைத் துளைப்பது எளிதல்ல.

இரண்டு, பின்புறத்தில் டைப்-சி துளை கிடையாது. முன்புறக் கேபினெட் டைப்-சிக்கான இணைப்பும் போர்டில் இல்லை. கைப்பேசியிலிருந்து டைப்-சி கம்பியில் நேரடியாகப் படம் ஏற்றிப் பழகியவர்களுக்கு இது எரிச்சல் தரும். அதற்குப் பதிலாக டிவிஐ துளை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். பழைய மானிட்டர் வைத்திருப்பவர் தவிர யாருக்கும் பயனில்லை. அதிலும் முக்கியமாக, 5600 போன்ற ப்ராசஸரில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லாததால், போர்டிலுள்ள எச்டிஎம்ஐ, டிவிஐ இரண்டுமே வேலை செய்யாது. மானிட்டர் கம்பியை அங்கே செருகிவிட்டுப் “போர்டு செத்துவிட்டது” என்று கடைக்கு ஓடுபவர்கள் எப்போதும் உண்டு. கம்பி கிராஃபிக்ஸ் கார்டில்தான் செருகப்பட வேண்டும்.

கணினியைச் சேர்த்து முடித்ததும் பயாஸுக்குள் ஒருமுறை போகாமல் விட்டால் வாங்கியதன் பலன் பாதிதான் கிடைக்கும். எக்ஸ்எம்பி அமைப்பை இயக்காவிட்டால் 3200 வேக ராம் அதன் அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகம் முழுவதையும் ப்ராசஸர் ஒரேயடியாக அணுகவிடும் ‘ரீசைசபிள் பார்’ வசதியையும் அங்கேயே இயக்க வேண்டும். இன்டெல் ஆர்க் கார்டு வாங்குபவர்களுக்கு இது விருப்பத் தேர்வு அல்ல, கட்டாயம், ஏனென்றால் அது இல்லாமல் அந்தக் கார்டுகள் மிகவும் தடுமாறும். விண்டோஸ் 11-இல் வேலரன்ட் என்னும் விளையாட்டை ஆட, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புப் பகுதியும், நம்பகமான மென்பொருளோடு மட்டும் கணினியைத் தொடக்கும் செக்யூர் பூட்டும் இயங்க வேண்டும். பேட்டில்ஃபீல்டு 6-உம் செக்யூர் பூட்டைக் கேட்கிறது. செக்யூர் பூட்டுக்கு முதலில் பழைய முறைத் தொடக்கத்துக்கான சிஎஸ்எம் என்பதை அணைக்க வேண்டும், வன்தட்டும் ஜிபிடி என்னும் பிரிப்பு முறையில் இருக்க வேண்டும். ஆகவே விண்டோஸ் நிறுவுவதற்கு முன்பே இதைச் செய்துவிட்டால் பின்னால் தலைவலி இல்லை. ரைசன் ப்ராசஸருக்குள் உள்ள டிபிஎம் சில கணினிகளில் விளையாட்டின் நடுவே கணநேரத் திணறலை உண்டாக்குவதை 2022-இல் ஏஎம்டி ஒப்புக்கொண்டு பயாஸ் வழியாகச் சரிசெய்தது. பயாஸைப் புதியதாக வைத்திருக்க இதுவும் ஒரு காரணம்.

ஏஎம்4 போர்டுகளுக்கே உரிய ஒரு நல்ல குணம், ஊசிமுனைகள் சாக்கெட்டில் இல்லாமல் ப்ராசஸரில் இருப்பது. இன்டெல் போர்டிலும் ஏஎம்5 போர்டிலும் சாக்கெட் முனை வளைந்தால் போர்டே போயிற்று, வாரண்டியும் கிடைக்காது. இங்கே போர்டுக்கு அந்த ஆபத்து இல்லை. இதன் மறுபக்கம், கூலரைக் கழற்றும்போது தெர்மல் பேஸ்ட் ஒட்டிக்கொண்டு ப்ராசஸரையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவது. கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி அணைத்தபின், கூலரை மெல்ல இடவலமாகத் திருகி எடுத்தால் அது நேராது. 5600-உடன் வரும் கூலரைப் பொருத்தும்போது சாக்கெட்டின் இருபக்கமும் உள்ள பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்ற வேண்டும். போர்டின் அடியிலுள்ள உலோகத் தகட்டை எறிந்துவிடக் கூடாது, திருகாணிகள் பிடிப்பது அதில்தான்.

மாற்றுகளில் ஏ520-ஐப் பற்றி முன்பே சொன்னேன். ப்ராசஸர் ஓவர்கிளாக் (வேகத்தை வரம்புக்கு மேல் கூட்டுவது), பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 இரண்டும் இல்லாவிட்டாலும் 5500-க்கும் 5600ஜி-க்கும் அது நியாயமான ஜோடி. பயன்படுத்திய பி450 போர்டு பாதி விலையில் கிடைத்தால், பயாஸ் ஏற்கெனவே 5000 வரிசைக்குப் புதுப்பிக்கப்பட்டிருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்கலாம். இன்டெல் பக்கம் எச்610 போர்டோடு ஐ5 12400எஃப் ப்ராசஸர் என்னும் ஜோடி வலுவான போட்டி. கிராஃபிக்ஸ் ஸ்லாட்டில் 4.0 உண்டு, ஆனால் எம்.2 3.0 வேகத்தில்தான், ராம் ஸ்லாட்டுகளும் இரண்டுதான். எல்லாவற்றையும் புதிதாக வாங்குபவர், ராம் உட்பட, முதலில் ஏஎம்5-இன் மொத்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தச் சாக்கெட்டுக்கு 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. வேறுபாடு தாங்கக்கூடியதாக இருந்தால் அதற்கே என் வாக்கு. அந்தப் பணம் கிராஃபிக்ஸ் கார்டின் தரத்தை ஒரு படி குறைத்துவிடும் என்றால் ஏஎம்4-இலேயே நின்று கார்டைக் காப்பாற்றுவேன்.

சென்னையில் வாங்குபவர்கள் பெரும்பாலும் ரிச்சி தெருவுக்கே போவார்கள். அங்கே சொல்லும் விலை ஜிஎஸ்டி 18 விழுக்காடு சேர்ந்ததா என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் மதர்போர்டு வாங்குவது, மூன்றாண்டு வாரண்டியை அவரிடமே விட்டுவிட்டு வருவதற்குச் சமம். பில்லில் சீரியல் எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். அது பெட்டியிலும் போர்டிலும் உள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். பெட்டியைக் கடையிலேயே திறந்து, பின்புறத் துளைகளுக்கான உலோகத் தகடு, சாட்டா கம்பிகள், எம்.2-க்கான குட்டித் திருகாணி ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். அந்தத் திருகாணி தொலைந்தால் தெரு முழுக்க அலைந்தாலும் சரியான அளவில் கிடைப்பது கடினம்.